மாசி, பங்குனியில் அருவியாற்றங்கரைப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்தால் "பறவை பார்க்க எங்கே போகலாம்?" என்று கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். இலங்கையின் வடக்கே, வன்னியின் தென்மேற்கில் அருவியாற்றை ஒட்டி நடக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவை வருபவரையே மனத்தில் வைத்திருக்கிறேன். பழகியவர்கள் வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம்.

பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பலகை நட்டுக் கல் பதித்த சுற்றுலாப் பாதையை எதிர்பார்க்காதீர்கள். மாட்டுப்பட்டி போய்வரும் தடம், வாய்க்கால் ஓரத்து மண் வீதி, குளக்கட்டு, ஆற்று மணல் இவற்றைத் தொடுத்துக்கொண்டு போவதுதான் பாதை. அருவியாறு தம்புள்ளைப் பக்கம் மல்வத்து ஓயா என்ற பெயரோடு பிறந்து, அனுராதபுரத்தைக் கடந்து, வவுனியா மாவட்டத்தின் ஓரமாக வந்து, மன்னார் மாவட்டத்தில் அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. நீளம் 164 கிலோமீட்டர். மகாவலிக்கு அடுத்தபடி நாட்டின் நீளமான ஆறு இதுதான்.

முழுவதையும் யாரும் நடக்க வேண்டியதில்லை. தேக்கம் அணைக்கட்டுப் பக்கம், முருங்கனை அண்டிய ஆற்றங்கரை, கட்டுக்கரைக் குளம், வங்காலைச் சேற்றுவெளி ஆகியவை போதும். இரண்டு காலை வேளை ஒதுக்கினால் ஆறுதலாகப் பார்க்கலாம்.

ஏன் மாசி, பங்குனி? மாரியில்தானே பறவை அதிகம்?

மாரியிலும் பறவை உண்டு. ஆனால் அப்போது தண்ணீர் எங்கும் கிடக்கும், பறவையும் எங்கும் சிதறிக் கிடக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழையில் குளம் நிரம்பி வான் பாயும். வயல், தரவை, பள்ளம் எல்லாம் வெள்ளமாக இருக்கும். ஒரு நாரைக்கு இங்கே நிற்பதும் ஒன்றுதான், ஐந்து மைல் தள்ளி நிற்பதும் ஒன்றுதான்.

தை கடைசியில் மழை விடுகிறது. மாசியில் காலபோக வெள்ளாமையின் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, முடிந்து வயல் காய்கிறது. வாய்க்காலில் ஓட்டம் நிற்கிறது. குளத்தின் அலைகரை நாளுக்கு நாள் பின்வாங்கி, பின்வாங்கிய இடத்தில் ஈரச் சேறு வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில்தான் புழு, நத்தை, பூச்சி எல்லாம் இருக்கின்றன. ஆற்றில் ஓட்டம் அறுந்து மடுக்கள் மட்டும் எஞ்சும்போது மீன்கள் அந்த மடுக்களுக்குள் நெருக்கப்படுகின்றன. மாரியில் நூறு இடத்தில் கிடைத்த சாப்பாடு பத்து இடத்தில் கிடைக்கிறது. பறவைகள் அந்தப் பத்து இடத்துக்கும் வந்து சேர்கின்றன. ஆகவே இந்த இரண்டு மாதமும் நீங்கள் பறவையைத் தேட வேண்டாம். தண்ணீர் எங்கே சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆவணி, புரட்டாசியில் வடக்கே இருந்து வந்த வலசைப் பறவைகள் திரும்பிப் போகிற காலம் இது. சித்திரை நடுப்பகுதிக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். வந்த பறவையும் இருக்கும், ஊர்ப்பறவை கூடு கட்டவும் தொடங்கியிருக்கும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்கக் கிடைப்பது இப்போதுதான்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

விடியுமுன் இடத்தில் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினால் நல்ல நேரத்தை வீதியில் செலவழிப்பீர்கள். ஒன்பதரைக்கு மேல் வெக்கை ஏறிவிடும், தரையில் கானல் ஆடும், பைனாகுலரில் எதுவும் தெளியாது. மாலை நாலரைக்குப் பிறகு மறுபடி போகலாம். சேற்றுவெளிக்கு மாலை நல்லது. ஆற்றங்கரைக்குக் காலையே நல்லது.

காய்ந்த ஆற்றில் பறவை எங்கே நிற்கும்?

முதலில் மடுவைப் பாருங்கள். ஆறு வளைகிற இடத்தின் வெளிப்பக்கக் கரையை ஓட்டம் அரித்து ஆழமாக்கியிருக்கும். ஓட்டம் நின்றபின் தண்ணீர் தங்குவது அங்கேதான். மேலே மருத மரத்தின் வேர்கள் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வேர்களில் வெண்மார்பு மீன்கொத்தி இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் பெரிய சிவந்த அலகோடு பெருமீன்கொத்தியும் வரும். மடு நன்றாக வற்றிய பிறகு கொக்கு, சாம்பல் நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் ஒரே மடுவில் தோளோடு தோள் நின்று மீன் பிடிப்பதைக் காணலாம். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள் அமிழ்ந்து கழுத்து மட்டும் வெளியே தெரியும்.

அடுத்தது மண் கரை. செங்குத்தாக அரிந்து நிற்கிற கரையில் வட்டத் துளைகள் இருந்தால் கிட்டப் போகாமல் எதிர்க்கரையில் இருந்து பாருங்கள். பச்சைப் பஞ்சுருட்டானும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் அப்படித்தான் மண்ணைக் குடைந்து முட்டையிடுகின்றன. துளை வாசலில் மண் புதிதாகக் கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

மூன்றாவது, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது: ஊற்று. ஆற்று மணலில் யானை காலால் தோண்டி நீர் குடித்துவிட்டுப் போன குழிகளும், ஊர்ச்சனம் தோண்டிய ஊற்றுகளும் அங்கங்கே இருக்கும். இரண்டு முழ ஆழம்தான், அடியில் ஒரு சிரட்டை அளவு தண்ணீர் கசிந்து நிற்கும். இருபது, இருபத்தைந்து மீற்றர் தள்ளி ஒரு மர நிழலில் அசையாமல் உட்காருங்கள். முதலில் புறா வந்து குழி விளிம்பில் நின்று நாலு பக்கமும் பார்க்கும். அது இறங்கினால் மற்றவைக்குத் துணிச்சல் வரும். கொண்டைக்குருவி, கிளி, தினைக்குருவி என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். மற்றக் குருவிகள் ஒரு வாய் எடுத்துத் தலையை அண்ணாந்து விழுங்கும். புறா மட்டும் அலகைத் தண்ணீரில் வைத்தபடியே உறிஞ்சும். இதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு இடம் கிடைக்காது. வேட்டைக்கு வல்லூறு வந்தால் எல்லாம் ஒரே நொடியில் பற்றைக்குள் மறைந்துவிடும். எழுந்துவிடாதீர்கள், திரும்பி வரும்.

கடைசியாக மரங்கள். ஆற்றோரத்தில் மருது, இலுப்பை, புளி, நாவல், அத்தி நிற்கும். அத்தி பழுத்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் கீழ் உட்காருங்கள். குக்குறுவான், பச்சைப்புறா, மாங்குயில், அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி.

மணல் அள்ளுகிற இடங்களில் பறவை இருக்குமா?

இருக்காது. கரையை வெட்டி டிப்பரில் ஏற்றினால் பஞ்சுருட்டானுக்குக் கூடு வைக்கச் சுவர் இல்லை, மடுவுக்குத் தண்ணீரைத் தாங்க மணல் இல்லை. மணல் ஆற்றின் தண்ணீர்த் தொட்டி. மாரியில் குடித்ததை அதுதான் கோடையில் கசியவிடுகிறது. வன்னியின் ஆறுகளில் அளவுக்கு மிஞ்சி மணல் எடுக்கப்படுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அனுமதி இல்லாமல் அள்ளுவதைக் கண்டால் நீங்கள் நேரே போய் வாக்குவாதப்படாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்து, கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ சொல்லுங்கள்.

கட்டுக்கரைக் குளத்தில் எதைப் பார்க்கலாம்?

முருங்கனில் இருந்து மன்னார் போகும் வீதிக்கு அருகிலேயே இருக்கிறது இந்தப் பழங்காலக் குளம். அருவியாற்றின் தண்ணீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டு வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. ஆழம் குறைந்து பரந்து கிடப்பதால் வற்றும்போது சேற்று விளிம்பும் பரந்து கிடக்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் குளக்கட்டில் நின்றே தெரியும். தண்ணீரின் நடுவில் கருவரி போலத் தெரிவது பெரும்பாலும் வாத்துக் கூட்டம். அதில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இருக்கின்றனவா என்று பொறுமையாகத் தேடுங்கள். அவை சைபீரியப் பக்கம் போக வேண்டியவை.

குளத்துக்குக் கீழே வயல். வெட்டி முடிந்த வயலின் மேல் பூனைப்பருந்து தாழ்வாக, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து பறக்கும். முருங்கன் மண் கறுத்த களி. மாரியில் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். பங்குனியில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்கு மேல் ஓடித் திரிகிற மண்ணிறச் சிறு குருவிகளை சிட்டுக்குருவி என்று விட்டுவிடாதீர்கள். ஒன்று நேரே மேலே எழும்பிச் சிறகை மூடி விழுந்து, விழுந்த வேகத்தில் மறுபடி எழும்பினால் அது வானம்பாடி.

வங்காலை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இலங்கைக்கு நேர் தெற்கே அண்டார்க்டிக்கா வரை நிலம் இல்லை. மத்திய ஆசியாவில் இருந்து இறங்குகிற வலசை வழியின் தென்கோடிப் பக்கம்தான் நாங்கள் இருக்கிறோம். அந்த வழியாக வருகிறவற்றில் பெரும் கூட்டம் முதலில் தரைதட்டுவது மன்னார்ப் பக்கம். வங்காலை 2008இல் சரணாலயமானது. 4,800 ஹெக்டேயருக்கு மேல். 2010இல் நாட்டின் நான்காவது ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமானது என்று ஏற்கப்பட்ட ஈரநிலமாக, பதியப்பட்டது.

பங்குனியில் அங்கே போவதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. கரையோரப் பறவைகள் மார்கழியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். எது எதுவென்று பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும். புறப்படுமுன் அவை இறகு மாற்றுகின்றன. பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கறுத்து, ஓரத்தில் வெள்ளைக் கரை ஓடும். கருவால் மூக்கனின் கழுத்து துருப்பிடித்த சிவப்பாகும். மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செம்மஞ்சள் பட்டி விழும். அலகு மெல்ல வளைந்த சிறு உள்ளான் ஒன்று உண்டு, அது செங்கல் நிறத்துக்கே மாறிவிடும். பங்குனி நடுவில் ஒரே கூட்டத்தில் முழுதும் மாறியதும், பாதி மாறியதும், மாறாததும் சேர்ந்து நிற்பதைப் பார்ப்பது எனக்கு இந்த ஆண்டு முழுவதிலும் பிடித்த காட்சி.

இதே நேரத்தில் அவை விடாமல் தின்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறப்பதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்க வேண்டும். மன்னாரில் பிடித்து ஜி.பி.எஸ். கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போனதை ஆய்வாளர்கள் வரைபடத்தில் கண்டிருக்கிறார்கள். படம் எடுக்க நாம் கிட்டப் போய் ஒரு கூட்டத்தைக் கிளப்பினால் அது ஒரு சுற்றுப் பறந்து வந்து அமரும். பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லை. அன்றைக்கு அதைப்போல இன்னும் பத்துப் பேர் செய்தால் தின்ன வேண்டிய நேரம் பறப்பதில் போய்விடும்.

பூநாரை கட்டாயம் இருக்குமா?

கட்டாயம் என்று சொல்ல முடியாது. வங்காலை, மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தின் இரு பக்கம், வடக்கே சுண்டிக்குளம், ஆனையிறவு ஆகிய இடங்களில் வருகின்றன. தண்ணீரின் ஆழமும் உப்பும் சரியாக இருக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுக் கண்டவரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

தெற்கில் இல்லாத, வடக்கில் மட்டும் பார்க்கக்கூடிய பறவை ஏதும் உண்டா?

உண்டு, கொழும்பு, கண்டியில் இருந்து வருகிறவர்கள் இதற்காகவே வருகிறார்கள். கவுதாரி யாழ்ப்பாணம், மன்னார் தொடங்கி வடமேற்குக் கரையோரம் மட்டும்தான் இருக்கிறது. காலையில் பற்றைக்குள் இருந்து மூன்று அடுக்காகச் சத்தம் போடும். வீதியை ஓடிக் கடக்கும். நீள வாலோடு மாட்டின் முதுகில் இருக்கும் முழுக் கரிக்குருவியும் அப்படித்தான். நாட்டின் மற்றப் பக்கங்களில் வெள்ளை வயிற்றுக் கரிக்குருவியே பொது.

என்னைக் கேட்டால் மரங்கொத்தியைச் சொல்வேன். வடக்கில் இருக்கிற மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். தெற்கில் இருப்பதற்கு முதுகு சிவப்பு, அது இலங்கைக்கே உரிய இனம். இரண்டும் சந்திக்கிற இடைநிலத்தில், வன்னியின் தென்விளிம்பிலும் அதற்குக் கீழேயும், இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகோடு குஞ்சுகள் பிறக்கின்றன. செட்டிகுளம் பக்கம் ஒரு மரங்கொத்தியைக் கண்டால் "மரங்கொத்தி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல் முதுகின் நிறத்தை எழுதுங்கள்.

ஆறுமணிக் குருவியைப் பார்க்க முடியுமா?

பங்குனி கடைசி வரை வாய்ப்பு உண்டு. இந்தியாவில் இருந்து மாரிக்கு வந்து, அங்கே கூடு கட்டத் திரும்பிப் போகிற பறவை. விடியும்போதும் அந்திப்படும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். சத்தம் கேட்டால் மரத்தைப் பார்க்காதீர்கள். காய்ந்த சருகுக்குள், தரையில், பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாகத் துள்ளிக்கொண்டிருக்கும்.

பைனாகுலர் வாங்கத்தான் வேண்டுமா?

முதல் நாளுக்குத் தேவையில்லை. ஊற்றங்கரையில் உட்காருவதற்குக் கண் போதும். தொடர்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் 8×42 என்று எழுதியதை வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று விற்பவற்றைக் கையில் பிடித்தால் பறவையைவிட உங்கள் கைநடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். சேற்றுவெளிக்கு முக்காலியில் வைக்கிற தொலைநோக்கி நல்லது, ஆனால் அது ஒருவரிடம் இருந்தால் பத்துப் பேருக்குப் போதும்.

பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது?

முதலில் பெயரைத் தேடாதீர்கள். பறவை நிற்கும்வரை பறவையைப் பாருங்கள். மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, கால் என்ன நிறம், நடக்கிறதா துள்ளுகிறதா, வாலை ஆட்டுகிறதா. ஆற்றோரக் கல்லில் நின்று பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டுகிற உள்ளானை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பதைவிட அந்த ஆட்டத்தை வைத்துக் கண்டுபிடிப்பது லேசு. கொப்பியில் குறித்த பிறகு மேர்லின் செயலியைத் திறக்கலாம். அது இலவசம், சத்தத்தைக் கேட்டும் பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதைக் கண்ணால் காணாமல் எழுதிவிடாதீர்கள்.

பட்டி மேய்க்கிற ஐயாமாரிடமும் குளத்தில் வலை வீசுகிறவர்களிடமும் கேளுங்கள். புத்தகப் பெயர் அவர்களிடம் இருக்காமல் போகலாம். எந்தப் பறவை எந்த மாதம் எந்தக் கரையில் இறங்கும் என்பது இருக்கும்.

மிதிவெடிப் பயம் இன்னும் இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2009க்குப் பிறகு வன்னியின் பெரும்பகுதி துப்புரவாக்கப்பட்டுவிட்டது. வேலை முற்றாக முடியவில்லை. ஆகவே விதி ஒன்றுதான்: ஆட்களும் மாடுகளும் தினமும் போகிற தடத்தை விட்டு இறங்காதீர்கள். மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை, வரிசையாக நட்ட நிறம் பூசிய தடிகள், குறிநாடா எதைக் கண்டாலும் அதற்கு அப்பால் என்ன அருமையான பறவை இருந்தாலும் போகக் கூடாது. பாழடைந்த பதுங்குகுழி, பழைய மண் அணை, ஆளில்லாத வளவு இவற்றுக்குள் நுழைய வேண்டாம். மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய பொருளை ஆற்று மணலுக்குக் கொண்டுவரவும் கூடும். துருப்பிடித்த எதையும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, 119க்கு (பொலிஸ்) அறிவியுங்கள். போகிற இடத்தைப் பற்றி அந்த ஊர்க் கிராம அலுவலரிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

யானை, முதலை, பாம்பு?

மூன்றும் உண்டு. மடு வற்ற வற்ற முதலையும் அந்த மடுவுக்குள்தான் கிடக்கும், ஆகவே தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து படம் எடுக்காதீர்கள், கால் நனைக்காதீர்கள். யானை அதிகாலையிலும் அந்தியிலும் ஆற்றுக்கு இறங்கும். ஈர லத்தி, புதிதாக முறிந்த கொப்பு, மணலில் விளிம்பு உதிராத காலடி கண்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். புடையன் பாம்பு சருகுக்குள் அசையாமல் கிடக்கும், கணுக்கால் மூடிய சப்பாத்துப் போடுங்கள். கடித்தால் கட்டுப் போட்டு வெட்டி உறிஞ்சுகிற வேலை வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

தனியாகப் போகலாமா? கூடாது. இரண்டு பேராவது போங்கள், எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கூடு கண்டால் கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் அது காய்ந்த குளத் தரையில், நாலு சிறு கல்லைச் சுற்றி வைத்த பள்ளத்தில் பெரும்பாலும் நாலு முட்டை இடும். முட்டை மண் நிறத்தில் கரும்புள்ளியோடு இருக்கும். இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. ஆள் வருவதைக் கண்டால் தாய் கூட்டை விட்டு ஓடித் தள்ளி நின்று கத்தும். நீங்கள் அது கத்துகிற இடத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது முட்டை வேறிடத்தில் வெயிலில் கிடக்கும். நண்பகல் வெயிலில் பறவை கூட்டில் இருப்பது அடைகாத்துச் சூடேற்றுவதற்காக அல்ல, நிழல் கொடுப்பதற்காக. பக்கத்துக் குட்டையில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் இருந்து குளிர வைப்பதும் உண்டு. இதை ஒரு தடவை தூரத்தில் இருந்து பார்த்துவிட்டால் பிறகு கூட்டுக்குக் கிட்டப் போக உங்களுக்கே மனம் வராது.

தலைக்கு மேல் ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் நின்று, காலடியைப் பார்த்து, வந்த வழியே பின்னால் போங்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு முகநூலில் போடாதீர்கள்.

சத்தத்தைப் பதிந்து போட்டுக் கூப்பிடலாமா?

வேண்டாம். கூடு கட்டுகிற காலத்தில் அது எதிரி வந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரும்.

நாயைக் கூட்டிவரலாமா? ட்ரோன்?

இரண்டும் வேண்டாம். ட்ரோனைக் கண்டால் குளத்துப் பறவை முழுவதும் பருந்தென்று எழும்பிவிடும். அதற்குச் சட்டப்படி அனுமதியும் தேவை.

அனுமதிச் சீட்டு எங்கே தேவை?

ஊர் வீதி, ஊர்க் குளக்கட்டு ஆகியவற்றுக்குத் தேவையில்லை. மடு வீதி, சுண்டிக்குளம் ஆகியவை 2015இல் தேசியப் பூங்காக்களாக்கப்பட்டவை. உள்ளே போக வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். சரணாலயத்துக்குள் ஊரும் வயலும் இருக்கும், வீதியில் நின்று பார்க்கலாம், ஆனால் பறவைக்கும் முட்டைக்கும் தீங்கு செய்வது குற்றம். வயல் வரம்பில் நடக்குமுன் கமக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் கூடவே வந்து காட்டுவார்கள்.

வாகனம் இல்லாமல் எப்படி வருவது?

ரயில் நல்லது. தலைமன்னார்ப் பாதை மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் வழியாகப் போகிறது. போரில் நின்றுபோன இந்தப் பாதை 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மறுபடி திறக்கப்பட்டது. முருங்கனில் இறங்கினால் கட்டுக்கரைக் குளத்துக்கு ஓட்டோ பிடிக்கலாம். வவுனியாவில் இருந்து மன்னார் பஸ்ஸும் பறயனாலங்குளம் வழியாக முருங்கனைத் தொட்டுத்தான் போகும். ஆனால் விடியுமுன் இடத்தில் நிற்க வேண்டும் என்றால் முதல் நாள் இரவே முருங்கனிலோ மன்னாரிலோ தங்க வேண்டியிருக்கும். ஓட்டோக்காரரிடம் முதல் நாளே பேசி நேரத்தை முடிவு செய்துவிடுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து.

என்ன கொண்டுவர வேண்டும்?

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், அகல விளிம்புத் தொப்பி, மங்கிய நிற உடுப்பு, கொப்பியும் பென்சிலும். வழியில் கடை இருக்கும் என்று நம்பி வர வேண்டாம். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

தாராளமாக. ஆற்றுக்கு வேண்டாம், குளக்கட்டுக்குக் கூட்டிவாருங்கள்: வெட்டவெளி, தடம் தெளிவு, எல்லாரையும் ஒரே பார்வையில் வைத்திருக்கலாம். பெயர்ப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு பறவையைத் தெரிந்தெடுத்துப் பத்து நிமிடம் அது என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நத்தை குத்தி நாரையைத் தெரிந்தெடுத்த பிள்ளைக்கு, அதன் அலகு மூடும்போதும் நடுவில் ஏன் இடைவெளி இருக்கிறது என்ற கேள்வி தானாக வரும். நத்தையைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் விடையும் வரும்.

கண்டதை எங்கே பதிவது?

பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டுகிற ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் பதியலாம், அதுவும் இலவசம். இடம், நேரம், எத்தனை நிமிடம் நின்றீர்கள், கண்ட எல்லாப் பறவையின் எண்ணிக்கை. அரிய பறவையை மட்டும் பதிந்து கொக்கையும் காகத்தையும் விட்டுவிட்டால் பாதிப் பயன் போய்விடும். கொழும்பைச் சுற்றி நிறையப் பேர் பதிகிறார்கள். வன்னியின் சிறு குளங்களில் இருந்து வருகிற பதிவு மிகக் குறைவு, போர்க்காலத்தில் பல ஆண்டுகள் யாரும் பார்க்கவே முடியவில்லை. உங்கள் ஊர்க் குளத்தை மாசியிலும் பங்குனியிலும் கிழமைக்கு ஒரு தடவை, அதே நேரத்தில், அதே கட்டில் நின்று எண்ணி எழுதினால் அது அந்தக் குளத்துக்கு முதல் கணக்காக இருக்கவும் கூடும்.

சித்திரைக்குப் பிறகுதான் வர முடியும் என்றால்?

வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும், வாத்துகள் போயிருக்கும். கரையோரப் பறவைகளில் முதல் வயதுக்காரர் சிலர் போகாமல் இங்கேயே நின்றுவிடுவார்கள். தூக்கணாங்குருவி, மீன்கொத்தி, பஞ்சுருட்டான், காட்டுக்கோழி, மயில் எல்லாம் இருக்கும். வைகாசி தொடங்கப் பாலைப்பழம் பழுக்கும், பழத்துக்குக் கரடியும் வரும், ஆகவே அந்தக் காலத்தில் பாலைமரக் காட்டோரம் தனியாக நடக்காதீர்கள். வலசைப் பறவையே வேண்டும் என்றால் ஆவணி கடைசியில் வங்காலைக்குப் போங்கள். முதலில் வருகிற உள்ளான்களின் நெஞ்சில் அந்தச் செங்கல் நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.